முப்பத்தேழாவது மீட்டர்

“அக்காவோட கணக்கை வேற யார்கிட்டயாவது காட்டினியாடி?” என்று பெரியம்மா கேட்டார்.

“இல்ல பெரியம்மா.”

அது பொய். உங்களிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் இருந்த யாரிடமும் அப்போது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியம்மா அம்மாவுக்கு நேர் மூத்தவர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எதையாவது கூர்ந்து பார்க்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிடுவார். அவருடைய உதவியாளருக்குக் குண்டூசி என்று பெயர். ஆள் அப்படித்தான் இருப்பார், உடம்பு ஒல்லி, தலை மட்டும் உருண்டை. பேச்சும் அப்படித்தான், குத்திக்கொண்டே இருக்கும்.

அன்று சனிக்கிழமை காலை. அக்கா காணாமல் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை காலை 5.52-க்கு ஒரு படம் அனுப்பினாள், அதுதான் கடைசி. பிறகு போன் அணைந்துவிட்டது. போலீஸ் நிலையத்தில் அம்மாவிடம், “வேலைக்குப் போன பொண்ணுதானேம்மா, திங்கக்கிழமை வரைக்கும் பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“எந்த ஊருக்குப் போனா?” என்றார் குண்டூசி.

“அதுதான் யாருக்கும் தெரியாது. சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க.”

ஒரு புது நெடுந்தூர ட்ரையத்லான் வரப்போகிறது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் 42 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். எந்த ஊரில் என்பதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில்தான் அறிவிப்பார்களாம். அதுவரை பன்னிரண்டு விநாடி வீடியோ ஒன்று: பனிமூட்டம், தண்ணீர், ஈரமான வெறுங்கால்கள். இணையத்தில் ஒன்பதாயிரம் பேர் இருக்கிற ஒரு குழு இரண்டு மாதமாக இந்தப் பன்னிரண்டு விநாடியை வைத்துக்கொண்டு, எங்கே, எங்கே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

“பாஸ், இவ்ளோ தூரம் ஓடறாங்களே, பின்னாடி யாரு துரத்தறாங்கன்னு முதல்ல அதைக் கண்டுபிடிக்கலாமா?” என்றார் குண்டூசி.

பெரியம்மா சிரிக்கவில்லை. “இவ அக்காவை எங்க தேடறதுன்னு தெரியணும்னா, அந்தப் போட்டி எங்க நடக்கப்போகுதுன்னு தெரியணும். ஒன்பதாயிரம் பேர் ரெண்டு மாசமா முட்டி மோதறாங்க. நமக்கு ஒரு காலைப்பொழுது. போனைக் குடு.”

போட்டி நடக்கும் பாதைகளை அளந்து கொடுப்பதுதான் அக்காவின் தொழில். அவள் சைக்கிளின் முன்சக்கர அச்சில் ஓர் எண்ணி மாட்டியிருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற அதில் எண் ஏறும். உருட்டிக்கொண்டு நடந்தாலும் ஏறும். தினமும் காலையில், எஃகு நாடாவால் அளந்து இரண்டு முனையிலும் ஆணி அடித்த அரைக் கிலோமீட்டர் நேர்ச்சாலையில் நான்கு தடவை ஓட்டுவாள். மீட்டருக்கு எத்தனை எண் என்று அதில் தெரிந்துவிடும். பிறகுதான் அன்றைய வேலை. அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: தன் கணக்கைத் தானே சரிபார்க்கக்கூடாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். நான் கூட்டிக் கழித்துப் பார்த்துச் சரி என்று சொல்வேன். பதின்மூன்று வயதிலிருந்து அப்படித்தான். இப்போது பதினேழு.

படங்களில் ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. எண்கள் மட்டும். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“இது நீச்சல் பக்கமா? ‘நீர்மட்டம் 22.6’. பக்கத்துல மணி எழுதலையே.”

“எழுதினா என்ன, எழுதலைன்னா என்ன பாஸ்?”

“மத்த எல்லாத்துக்கும் நிமிஷம் வரைக்கும் எழுதறவ இதுக்கு மட்டும் ஏன் விட்டா? கடலா இருந்தா மணிக்கு மணி மட்டம் மாறும், நேரம் எழுதாம அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல. இது கடல் இல்ல. சுவர்ல அளவுகோல் வரைஞ்சு வச்சிருக்கற தண்ணி. அணை.”

குண்டூசி தன் போனில் அந்தக் குழுவைத் தள்ளிக்கொண்டே போனவர் விசில் அடித்தார். “பாதிப் பேரு துறைமுக ஊருன்னு சத்தியம் பண்றான். ஒருத்தன் விமான நிலையம்ங்கறான், ஓடுதளத்துல நீந்துவான் போல. ஆனா ‘ஈரத்துண்டு’ன்னு ஒருத்தன் செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டான் பாஸ். ‘கடல் இல்லை, அணை. பந்தயம் கட்டத் தயார்.’ கீழயே மூணு அணைப் பேரையும் போட்டிருக்கான். எழுநூறு பேர் கைதட்டியிருக்காங்க. மூளைக்காரன்.”

என் காது மடல் சுட்டது. ஈரத்துண்டு நான்தான்.

“ஒரு நாள் பயணத்துல மூணு அணைதான் இருக்கு,” என்று பெரியம்மா வரைபடத்தை விரித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “எதுன்னு பாக்கணும். காலையில ஓட்டற பக்கத்துல, ‘சைரனுக்கு முன்னால முடி’ன்னு எழுதியிருக்கா.”

“மில்லு சைரன் பாஸ். ஷிப்ட் விட்டா கூட்டம் ரோட்டுல கொட்டும். அதுக்குள்ள ஓட்டி முடிக்கணும்.”

“இருக்கலாம். ஆனா யோசி. அரைக் கிலோமீட்டர், ஒரு வளைவு இல்ல, மேடு பள்ளம் இல்ல, லாரி வராது. அணை ஊர்ல அப்படி ஒரு ரோடு எங்க இருக்கும்?”

குண்டூசி வரைபடத்தின் மேல் குனிந்தார். “அணைக்கு மேலயே.”

“மதகைத் திறக்கறதுக்கு முன்னால சைரன் அடிப்பான். மேல இருக்கறவங்களை இறக்கி விட்டுட்டு கேட்டைப் பூட்டுவான். இப்ப மூணு அணையையும் பாரு. முதலாவது வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. ரெண்டாவது மொத்த நீளமே இருநூத்தி எண்பது மீட்டர். மூணாவது?”

மூன்றாவது, வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் இருந்தது.

“வண்டிய எடு,” என்றார் பெரியம்மா.

*

ஐந்து மணி நேரப் பயணம். நடுவில் ஒருமுறை பெரியம்மா பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, கடைசியா கேக்கறேன். நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லலைல்ல?”

“இல்லன்னு சொன்னேன்ல!”

அழாத குறையாகக் கத்திவிட்டேன். குண்டூசி வண்டியின் முன்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். குழுவில் ‘நீர்க்காகம்’ என்று ஒருவர் இருந்தார். நான் எதை எழுதினாலும் முதலில் பாராட்டுவார். தனிச்செய்தியில் தினமும் பேசுவோம். எந்தப் பள்ளி, எந்த பஸ், மாலையில் எங்கே ட்யூஷன் என்றெல்லாம் கேட்பார், நானும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை இரவு, ‘அணைன்னு சும்மா அடிச்சு விடறியா?’ என்று சீண்டினார். எனக்கு ரோஷம் வந்தது. அக்கா அன்று அனுப்பிய பக்கத்தில் விசித்திரமான ஒன்று இருந்தது. கல் கட்டி நிறுத்திய மிதவை, காலை ஆறு மணிக்குப் பிறகு இருபது நிமிடத்தில் ஒரே பக்கமாக 61 மீட்டர் நகர்ந்திருந்தது. ‘எங்க அக்காதான் அளக்கறா. மிதவையே நகருதாம்’ என்று நீர்க்காகத்துக்கு எழுதினேன். எழுதும்போதே மனசு உறுத்தியது. உண்மையான எண்ணைக் கொடுத்தால்தானே துரோகம் என்று நினைத்து, 61 என்பதை 40 என்று மாற்றி அனுப்பினேன். அப்படி ஒரு முட்டாள்தனமான சமாதானம்.

மறுநாள் காலை அக்காவின் போன் அணைந்தது.

*

அணை ஊர் சின்னதுதான். பேருந்து நிலையம், ஒரே ஒரு நீண்ட தெரு, அதன் கடைசியில் ஒரு விடுதி. விடுதியின் வாசல் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒன்று கிழிந்து, எண் போட்ட நீச்சல் தொப்பிகள் வெளியே எட்டிப் பார்த்தன. சுவரோரம் ஆளுயரப் பதாகைகளைக் கறுப்புத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் ஊகம் சரி. ஒன்பதாயிரம் பேருக்குத் தெரியாத இடத்தில் நாங்கள் நின்றோம்.

போட்டி இயக்குநர் தானே வந்து கை குலுக்கினார். வெயிலில் கறுத்த உயரமான மனிதர். சிரிப்பு மட்டும் வெளியே நிற்கும், கண்ணுக்குள் போகாது.

“உங்க அக்கா நல்ல திறமைசாலிம்மா. பாதி வேலையில விட்டுட்டுப் போயிட்டாங்க, அதான் வருத்தம். புதன்கிழமை காலையில, ‘எனக்கு முடியல’ன்னாங்க. பஸ் ஏறிட்டாங்க.”

“தண்ணில ஏதாவது பிரச்சனைன்னு சொன்னாளா?” என்றார் பெரியம்மா.

“தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை பேசல. சைக்கிளக் கூட பஸ் ஸ்டாண்ட் ஷெட்லயே போட்டுட்டுப் போயிட்டாங்க. வாங்க, நானே காட்டறேன்.”

அக்கா சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறினாளா? காய்ச்சல் வந்தால் கூட அதைத் தன் அறைக்குள் நிறுத்திவிட்டுத்தான் படுப்பாள்.

ஷெட்டில் சைக்கிள் சுவரோடு சாய்ந்திருந்தது. எண்ணியின் மேல் தூசி. நான் குனிந்து பாவாடை நுனியால் துடைத்தேன். 731624. போனில் அக்கா அனுப்பிய கடைசிப் படத்தை எடுத்தேன். புதன், 5.52, நாலாவது ஓட்டம் முடிந்ததும் எழுதியது: 731208.

கழித்துப் பார்த்தேன். மறுபடி கழித்தேன்.

“என்னடி?” என்று பெரியம்மா காதோடு கேட்டார். இயக்குநர் நாலடி தள்ளி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“நானூத்திப் பதினாறு. மீட்டருக்குப் பதினொண்ணே கால் எண் ஏறும். முப்பத்தேழு மீட்டர்தான் பெரியம்மா.”

“அணையிலேர்ந்து இங்க எவ்ளோ தூரம்?”

“வர்ற வழியில பாத்தேன், ஆறு கிலோமீட்டர்,” என்றார் குண்டூசி. பிறகு அவர் குரல் தணிந்தது. “அப்ப இந்த சைக்கிள் இங்க உருண்டு வரல. யாரோ வண்டில ஏத்திக் கொண்டாந்து சாத்தியிருக்கான்.”

“இத ஏத்தினவனுக்கு எண்ணி என்னன்னு தெரியும். ஆனா ஓடாத சக்கரத்துல எண் ஏறாதுன்னு தோணல,” என்றார் பெரியம்மா. “அவளோட நாடா சைக்கிள்ல தொங்கற இந்தப் பையில இருக்கா? எடுத்துக்கோ.”

பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, பாவப்பட்ட சொந்தக்காரி குரலில் சொன்னார். “சார், இவ்ளோ தூரம் வந்துட்டோம். அவ வேலை பார்த்த எடத்த ஒரு போட்டோ எடுத்துட்டுப் போறோம். என் தங்கச்சி சாப்பிடாம கெடக்கா.”

இயக்குநர் ஒரு நொடி யோசித்தார். “தினமும் காலையிலயும் சாயங்காலமும் ஆறு மணிக்கு மதகு திறப்பாங்க. அதுக்குள்ள இறங்கிடணும். நானும் என் ஜீப்புல வரேன்.”

*

அணையின் மேல் காற்று முகத்தில் அறைந்தது. ஒரு பக்கம் கறுத்த தண்ணீர், மறுபக்கம் ஆழத்தில் பாறைகள். நடுவில் நேர்கோடாக ஒரு சாலை. மணி ஐந்தரை ஆகிவிட்டது. தண்ணீரில் ஓர் ஆரஞ்சு மிதவை அசையாமல் கிடந்தது. பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நாலு தடவை ஓட்டினால் தொடங்கிய முனையிலேயே வந்து முடியும்; அங்கே அக்கா அடித்த ஆணியை நான்தான் கண்டுபிடித்தேன். வாஷர் கோர்த்த ஆணி, சுற்றிலும் மஞ்சள் வண்ணம். குண்டூசி நாடாவின் வளையத்தை அதில் மாட்டிவிட்டு நடந்தார்.

“போட்டோ எடுக்கறதுக்கு எதுக்கு டேப்பு?” என்றார் இயக்குநர்.

“எங்க வீட்டுல அப்படித்தான் சார். அளவெடுத்துதான் சிரிப்போம்.”

ஒரு திசையில் முப்பத்தேழாவது மீட்டரில் வெறும் கைப்பிடிச் சுவர்தான். குண்டூசி திரும்பி வந்து எதிர்த்திசையில் நடந்தார். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழில் நின்றார். அங்கே சுவரோடு சுவராக ஒரு சிமெண்ட் அறை இருந்தது. இரும்புக் கதவு, பெரிய பூட்டு.

அப்போது காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சாவிக் கொத்தோடு வேகமாக வந்தார். மதகுக்காரர். “சைரன் அடிக்கப்போறேன். எல்லாரும் இறங்குங்க.”

“இந்த ரூம் என்ன?” என்றார் பெரியம்மா.

“மதகு எந்திரம். கீழ படிக்கட்டு போகுது.” அவர் எங்களைப் பார்த்துப் பேசவில்லை. இயக்குநரைப் பார்த்தே பேசினார்.

“தொறங்க.”

“வெளியாளுங்க போகக்கூடாதும்மா.” இயக்குநர் நடுவில் வந்து நின்றார். “என்ன நாடகம் இது? பொண்ணு ஓடிப்போச்சுன்னா என் மேல பழி போடுவீங்களா?”

“மதகு தொறந்தா தண்ணி இழுக்குது, அந்தத் தப்பை அவ கண்டுபிடிச்சா. அதனாலதான் காணாமப் போனா,” என்றார் பெரியம்மா.

“தப்பு! ஒரு மிதவை நாப்பது மீட்டர் நகந்துச்சாம், அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்!”

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“தண்ணியப் பத்திப் பேசவே இல்லன்னு சொன்னீங்களே சார்,” என்றார் பெரியம்மா.

இயக்குநர் அசரவில்லை. சிரித்தார். “போன்ல சொன்னாங்க. செவ்வாய்க்கிழமை. நாப்பது மீட்டர்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. நான் மறந்துட்டேன். அது ஒரு குத்தமா?”

அந்தப் பொய்யைப் பொய் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும். அந்த ஆள் நான்.

“அக்கா நாப்பதுன்னு சொல்லியிருக்க மாட்டா,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “அவ அளந்தது அறுபத்தொண்ணு. என் போன்ல பக்கம் இருக்கு. நாப்பதுங்கறது நான் மாத்தி எழுதினது. ஒரே ஒருத்தருக்குத்தான் எழுதினேன்.” பெரியம்மா பக்கம் திரும்பினேன். “பொய் சொன்னேன் பெரியம்மா. நான்தான் ஈரத்துண்டு. இவருதான் நீர்க்காகம்.”

இயக்குநரின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. அவர் எதிர்பார்க்காததைக் காக்கிச் சட்டைக்காரர் செய்தார். சாவிக் கொத்தைக் கீழே போட்டார்.

“என்னால முடியல சார். நாப்பதோ அறுபதோ எனக்கென்ன தெரியும். மூணு நாளா அந்தப் பொண்ணு கத்தறது காதுலயே நிக்குது. தண்ணியும் பன்னும் வச்சுட்டு வரேன், கையெடுத்துக் கும்பிடுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் விட்டுடலாம்னீங்க. இல்லன்னா என் வேலை போயிடும்னீங்க.”

இயக்குநர் ஜீப்பை நோக்கிப் பாய்ந்தார். குண்டூசி அங்கே ஏற்கெனவே சாய்ந்து நின்றிருந்தார், விரலில் சாவியைச் சுழற்றியபடி. “நீங்க பெரிய ஓட்டக்காரர் சார். நான் எங்க துரத்தறது. அதான் சாவிய மட்டும் முன்னாடியே எடுத்து வச்சுக்கிட்டேன்.”

*

இருபத்து மூன்று படிகள். எண்ணிக்கொண்டே இறங்கினேன், எண்ணாவிட்டால் கத்திவிடுவேன் போலிருந்தது. கீழ் மேடையில் அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கணுக்கால் பூசணிபோல் வீங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா!”

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அழுவாள் என்று நினைத்தேன்.

“கையெழுத்துப் போட்டுட்டேன்டி,” என்றாள்.

“என்ன கையெழுத்து?”

“பாதை சரியா இருக்கு, தண்ணி பாதுகாப்பா இருக்குன்னு. முதல்ல போடமாட்டேன்னேன். தள்ளுமுள்ளுல இந்தப் படியில விழுந்தேன். அப்பவும் போடல. அப்புறம் அவன் போனைக் காட்டினான். நீ அவன்கிட்ட பேசினதெல்லாம் இருந்துச்சு. எந்த பஸ்ல வருவ, எத்தனை மணிக்கு ட்யூஷன் விடும்... ‘தங்கச்சி நம்மகிட்ட எல்லாம் சொல்லும்’னான். அதுக்கு மேல என்ன பண்றது? போட்டுட்டேன்.”

மேலே எங்கேயோ, குண்டூசி கூப்பிட்டிருந்த போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டது. நான் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

இருபது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் அக்காவின் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். வாக்குமூலம், விசாரணை, ஸ்கேன் என்று ஞாயிற்றுக்கிழமை விடிய ஆரம்பித்துவிட்டது. இயக்குநரும் மதகுக்காரரும் காவலில் இருந்தார்கள். ஆனால் சான்றிதழ் வெள்ளிக்கிழமையே கம்பெனிக்குப் போய்விட்டது. தலைமை அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் இல்லை. நண்பகலில் அறிவிப்பு தானாக வெளியாகும். நாலாயிரம் பேர் பதிவு செய்யக் காத்திருந்தார்கள். போட்டி நாளன்று காலை ஆறு மணிக்கு நீச்சல் ஆரம்பம்.

“அவளோட கையெழுத்துக்கு எதிரா இருக்கறது உன் போன்ல இருக்கற அந்தப் பக்கம் மட்டும்தான்,” என்றார் பெரியம்மா. “படத்துல தேதி, மணி எல்லாம் இருக்கு. ஆனா அதை வெளியிட்டா, அவன் எப்படி மிரட்டினான்னும் சொல்லணும். நீ பேசினதும் சேர்ந்து வரும். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.”

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மூன்று முறை எழுதி அழித்தேன். பள்ளியில் எல்லாரும் படிப்பார்கள். அம்மா படிப்பார். குண்டூசி பக்கத்தில் டீ டம்ளரை வைத்துவிட்டு, “எழுத்துப்பிழை இருந்தா பரவால்ல, அடி,” என்று மட்டும் சொன்னார்.

அடித்தேன். ‘போட்டி எங்கே நடக்கும் என்று எல்லாரும் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியும். என் அக்கா அளந்த அணையில். செவ்வாய்க்கிழமை நான் போட்ட பட்டியலில் மூன்றாவது. அங்கே நடக்கக்கூடாது.’ மிதவைப் பக்கத்தின் படம். நீர்க்காகத்தோடு நான் பேசியதெல்லாம், ஒரு வரி விடாமல். மணி 5.34.

கெக்கலிப்புகள் வந்தன. விளம்பரத்துக்காக என்றார்கள். சின்னப் பெண் என்றார்கள், வேறு மாதிரியும் சொன்னார்கள். திரையைக் கவிழ்க்கப் போனபோது ஒரு செய்தி வந்தது.

‘ஈரத்துண்டு, உங்க பட்டியலைப் பாத்து ஊகிச்சு மூணாவது அணைக்கு வந்துட்டோம். ஏழு பேர். நேத்து ராத்திரிலேர்ந்து கரையில கூடாரம். ஆறு மணிக்கு இறங்கி ஒரு ரவுண்டு நீந்தலாம்னு இருக்கோம். இது நிஜமா விளையாட்டா?’

‘இறங்காதீங்க’ என்று அடித்தேன். ‘நிஜம். இறங்காதீங்க. இறங்காதீங்க.’

பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. மணி 5.51. பெரியம்மா காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். புதிதாக வந்த மதகுக்காரரின் எண் அவர்களிடம் இல்லை. வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். குண்டூசி காரை நோக்கி ஓடினார். இருபது கிலோமீட்டர். 5.56. நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். 6.00. அங்கே சைரன் அடித்திருக்கும். இங்கே ஒரு நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார், அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

6.19-க்கு ஒரு படம் வந்தது.

கரையில் நீச்சல் உடையோடு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். தூரத்தில் மதகின் இரும்புக் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டு, பாதி முழுகி, நீந்துகிறவர்கள் இடுப்பில் கட்டி மிதக்கவிடும் காற்றடைத்த ஆரஞ்சுப் பை ஒன்று செங்குத்தாக நின்றது. கீழே ஒரு வரி.

‘பையை மட்டும் விட்டுப் பாத்தோம்.’

படத்தைப் பெரிதாக்கித் தலைகளை எண்ணினேன். ஆறு. படமெடுத்தவரையும் சேர்த்து ஏழு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன்.